எம்டன் மூழ்கடித்த படங்களும் தல்லாகுளத்து பிளெக்ஸ் கடையும்

எம்டன் கப்பல் கதையை நாம் 1914 செப்டம்பர் 22 இரவோடு நிறுத்திவிடுவோம். சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியது, 'எம்டன்' என்ற சொல் கில்லாடி ஆளுக்குப் பட்டப்பெயராகத் தமிழில் தங்கிவிட்டது. அடுத்த மாதம் நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. அக்டோபரில் மினிக்காய் தீவுப் பக்கம் 'கிளான் கிராண்ட்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை எம்டன் மறித்து மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த சில பெட்டிகள் இருந்தன. உள்ளே நகர வரைபடங்கள், பழைய ஊர்க் காட்சிகள், புகைப்படங்கள், விளக்கப்படங்கள். ஒரு மனிதர் பல வருஷமாகச் சேர்த்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிக் காட்டிய ஆய்வு. கடலோடு போச்சு.

அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். ஆய்வுச் சுவரொட்டி எப்படிச் செய்வது என்று கேட்டு வரும் மாணவர்களிடம் நான் எழுத்தளவு, நிறம், பத்தி என்று ஆரம்பிப்பதில்லை. இவரில்தான் ஆரம்பிப்பேன். அவசரத்தில் வந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் கருத்தரங்குச் சுவரொட்டிகளை ஏன் யாருமே நின்று படிப்பதில்லை என்பதற்கான காரணம் வரலாற்றில்தான் இருக்கிறது, மென்பொருளில் இல்லை.

கெடிஸ் 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். படித்தது உயிரியல், அதுவும் டி. எச். ஹக்ஸ்லியிடம். 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் நோய் வந்து கொஞ்ச காலம் பார்வை போய்விட்டது. இருட்டறையில் அடைந்து கிடந்தபோது ஜன்னலின் கண்ணாடிக் கட்டங்களைக் கையால் தடவித் தடவி, கட்டத்துக்கு ஒரு கருத்து என்று வைத்து யோசிக்கப் பழகினார். பிற்பாடு தாளை மடித்து மடித்து கட்டங்கள் ஆக்கி, இடம், தொழில், மக்கள் என்று எழுதி, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று பார்ப்பது அவருக்கு வாழ்நாள் பழக்கமாகிவிட்டது. பார்வை திரும்பினாலும் நுண்நோக்கியில் மணிக்கணக்காக உட்கார முடியாமல் போனது. அந்த உயிரியலாளர் ஊர்களை ஆராயப் போனார். ஒரு ஊரின் நிலம், நீர், தொழில், வீடு எல்லாவற்றையும் சுவர் நிறையப் படமாக மாட்டி, "உங்கள் ஊரை முதலில் பாருங்கள், அப்புறம் இடிக்கலாம்" என்ற கட்சி.

சென்னை கவர்னர் பென்ட்லாண்ட் பிரபு அழைத்துத்தான் அவர் இந்தியா வந்தார். பெட்டிகள் மூழ்கிய செய்தி வந்ததும் பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களைச் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சேப்பாக்கம் செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தேவிட்டது. அந்த வருஷமே சென்னை மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரையும் அதில் ஒன்று.

கெடிஸின் படங்கள் அழகானவை என்று யாரும் சொன்னதாக நான் படித்ததில்லை. 1910-ல் லண்டன் ராயல் அகாதமியில் அவர் வைத்த பகுதியைப் பற்றி, பின்னாளில் லண்டன் நகரத் திட்டத்தால் புகழ்பெற்ற பேட்ரிக் ஆபர்குரோம்பி எழுதியிருக்கிறார். படத் தபால் அட்டை, செய்தித்தாள் வெட்டு, பழைய மரச்செதுக்கு, புரியாத வரைபடம் எல்லாம் கலந்து கிடந்த ஒரு கதம்பம், பாதிக்குச் சட்டம்கூட இல்லை. வந்தவர்கள் முகம் சுளித்தார்களாம். ஆனால் கெடிஸ் அங்கேயே நின்றுகொண்டு பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சு காதில் விழும் தூரத்துக்குள் வந்துவிட்டவர்கள் பழைய நிம்மதியோடு வீடு திரும்பவில்லை. இதுதான் ஆபர்குரோம்பி சொல்வதன் சாரம்.

படம் மோசம், பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு அப்படியே தல்லாகுளத்துக்கு வாருங்கள்.

வைகைக்கு வடகரையில், கோரிப்பாளையம் தாண்டினால் தல்லாகுளம். நாயக்கர் காலத் தமுக்கம் அரண்மனை, ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, இங்கேதான் இருக்கிறது. கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்தார்கள். 1955-ல் மாநில அரசு அதை காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று ஜவாஹர்லால் நேரு காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். மதுரையில் பள்ளிக்கூடம் படித்த எவரையும் ஒரு தடவையாவது வரிசையில் நிற்கவைத்து இங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

உள்ளே 'இந்தியா விடுதலைக்குப் போராடுகிறது' என்ற பகுதியில் 265 படங்கள். காந்தியின் வாழ்க்கையைச் சொல்லும் புகைப்படங்கள் தனியாக 124. கெடிஸுக்கு நேர் எதிர் நிலைமை இங்கே. பக்கத்தில் நின்று பேச ஆள் கிடையாது, பலகையே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். நான் இங்கே பல மணி நேரம் செலவழித்திருக்கிறேன், பலகைகளை விட ஆட்களைப் பார்த்து. பள்ளிப் பிள்ளைகள் நடை வேகத்தைக் குறைக்காமலே பலகைகளைத் தாண்டுகிறார்கள். பெரியவர்கள் முதல் பத்துப் பன்னிரண்டைக் கருத்தாகப் படிக்கிறார்கள். அப்புறம் படத்தை மட்டும், அப்புறம் தலைப்பை மட்டும். கடைசியில் நினைவுப் பொருட்கள் பகுதியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இரத்தக்கறை படிந்த துணி முன்னால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணி. கூச்சல் அடங்கிவிடும். அங்கே ஒரு வரி எழுதியிருந்தாலே போதும், எழுதாவிட்டாலும் தெரியும்.

காந்திக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். 1921 செப்டம்பர் 22-ம் தேதி இதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில்தான் அவர் முழு ஆடையை விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார். சொல்ல வேண்டியதை ஒரே பார்வையில் சொல்லிவிடும் உருவம். பத்திரிகையில் அவர் எழுதிய பக்கங்களைப் படிக்காத கோடிப் பேர் அந்த உருவத்தைப் படித்தார்கள்.

சரி, கருத்தரங்குச் சுவரொட்டிக்கு வருவோம். இது எங்கிருந்து வந்தது?

பலரும் நினைப்பதுபோல் இது 'படமாகப் போட்டால் நல்லாப் புரியும்' என்ற எண்ணத்தில் பிறந்ததில்லை. இடநெருக்கடியில் பிறந்தது. 1960-களில் உயிர்வேதியியல் மாதிரித் துறைகளில் ஆராய்ச்சியாளர் எண்ணிக்கை வீங்கிவிட்டது. பேச வேண்டியவர்கள் ஏராளம், மேடையும் நேரமும் கொஞ்சம். பத்து நிமிஷப் பேச்சுகளை ஏழெட்டு அறைகளில் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் கட்டுப்படி ஆகவில்லை. 1969-ல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய மாநாட்டில், பேச இடம் கிடைக்காதவர்கள் தங்கள் ஆய்வைப் பலகையில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்கலாம் என்று ஒரு ஏற்பாடு நடந்தது. பன்னாட்டு மாநாடுகளில் சுவரொட்டி அமர்வின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். 1974-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் நடந்த உயிர்வேதியியல், உயிர்இயற்பியல் கூட்டத்தில் பெரிய அளவில் செய்தார்கள். அதே வருஷம் 'சயின்ஸ்' இதழ் இந்தப் புது வழக்கத்தைப் பற்றிச் செய்திக் கட்டுரையே போட்டது.

ஆக, கல்யாண வீட்டில் பந்தியில் இடம் இல்லாதவர்களுக்குத் திண்ணையில் இலை போட்ட மாதிரி. திண்ணையிலும் அதே சாப்பாட்டைத்தானே பரிமாறுவார்கள்? மேடையில் வாசிக்க எழுதிய கட்டுரையையே தட்டச்சு செய்து, பக்கம் பக்கமாகப் பலகையில் குண்டூசி குத்தினார்கள். முன்னுரை, முறை, முடிவு, விவாதம். ஆய்விதழ்க் கட்டுரையின் எலும்புக்கூடு அப்படியே சுவரேறியது. உட்கார்ந்து, மேசை விளக்கின் கீழ், வேண்டுமானால் திருப்பிப் பார்த்துப் படிப்பதற்கான எலும்புக்கூடு அது. நடந்து போகிறவனுக்கானது இல்லை.

பிறகு தொழில்நுட்பம் மாறியது, உடம்பு மாறவில்லை. சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போய், 1990-களில் அகலத் தாளில் அச்சடிக்கும் இங்க்ஜெட் எந்திரங்கள் வந்தன. பவர்பாயின்ட் வந்தது. தனித்தனித் தாள்கள் ஒரே பெரிய தாளாயின. குண்டூசிக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் பலகையில் இடம் இருக்காது, ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்திரம் வந்ததும் எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போகலாம் என்றாகிவிட்டது. எங்கள் ஊரில் 2000-களின் தொடக்கத்தில் பிளெக்ஸ் வந்து, கையால் பேனர் எழுதிய ஓவியர்களின் தொழிலை முடித்துவைத்தது. அந்த பிளெக்ஸ் எந்திரத்தில்தான் இன்றைக்கு முனைவர் பட்ட ஆய்வும் காதணி விழாவும் அடுத்தடுத்து அச்சாகின்றன.

இதில் மதுரைக்காரனாக எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சுவரொட்டி என்ற கலையில் இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மதுரையில் பிறப்பு, காது குத்து, சடங்கு, கல்யாணம், கட்சிப் பதவி, பட ரிலீஸ், கண்ணீர் அஞ்சலி, வருஷாந்திரம் எல்லாமே சுவரேறும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, அருங்காட்சியகம் திறந்த அதே வருஷம். சட்டம் சட்டமாக இருக்கிறது, மைதாப் பசை வாளியும் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு டிவிஎஸ்ஸில் வந்து, தென்னந் துடைப்பத்தால் பசையை இழுத்து, நாலு ஷீட்டையும் ஓரம் பிசகாமல் சேர்த்து ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்குத் தூரம் என்றால் என்ன என்று தெரியும். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு முகம், ஒரு பேர். சிக்னலில் நிற்கிறவனுக்கு ஒரு பஞ்ச் வசனம். டீக்கடையில் நிற்கிறவனுக்கு அடியில் பொடி எழுத்தில் 'இங்ஙனம்' போட்டு முப்பது பேர். மூன்று தூரம், மூன்று வாசகர். நாயக்கர் காலச் சுவரோவியங்களிலும் இந்த அறிவு உண்டு. பட்டை பட்டையாகப் படம் ஓடும், கீழே ஒல்லியான பட்டையில் யார், என்ன என்று எழுத்து ஓடும். முதலில் கண் படத்தில் விழும், சந்தேகம் வந்தால்தான் கீழே இறங்கும்.

இந்த ஊர்க் கல்லூரிக் கருத்தரங்குகளில் நான் பார்க்கும் சுவரொட்டிகள் இதில் எதை எடுத்துக்கொண்டன? மேல்மூலையில் வட்டமாகத் தலைவர்கள் படம் போடும் வழக்கத்தை மட்டும். தலைவர்களுக்குப் பதில் பல்கலைக்கழக முத்திரை, கல்லூரி முத்திரை, நிதி கொடுத்த அமைப்பின் முத்திரை, தரச்சான்று முத்திரை. பிறகு நெறியாளர் பெயர் தடித்த எழுத்தில். பிறகுதான் ஆய்வு.

அப்படியானால் அரசியல் போஸ்டர் மாதிரி முகத்தைப் பெரிதாக்கிக் கத்திவிடலாமா? அதுவும் சரிப்படாது. கட்சிப் போஸ்டருக்கு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு இல்லை. ஆய்வுக்கு உண்டு. தூரத்திலிருந்து இழுக்கவும் வேண்டும், கிட்டே வந்தவன் "எப்படிச் சொல்றே?" என்று கேட்டால் எண்ணைக் காட்டவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தவர் என்று எனக்குத் தெரிந்தவர் வியன்னாவின் ஓட்டோ நொய்ராத்.

1925-ல் வியன்னாவில் சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார் நொய்ராத். வீட்டு வசதி, சாவு விகிதம், வேலையின்மை ஆகியவற்றைப் பற்றிய புள்ளிவிவரத்தை வேலை முடிந்து வரும் தொழிலாளி பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் மனிதன், வீடு, குழந்தை என்று எளிய உருவங்களை வெட்டிக் கொடுத்தார். விதி ஒன்றுதான் முக்கியம். எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இரண்டு மடங்கு உயர ஆளை வரைந்தால் பரப்பு நாலு மடங்கு ஆகிவிடும், கண் ஏமாறும். இரண்டு ஆளை வரைந்தால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். தூரத்தில் வடிவம், கிட்டே வந்தால் கணக்கு. தேர்தல் நேரத்தில் நம் பத்திரிகைகளில் வரும் குண்டு குண்டு ரூபாய் மூட்டைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த விதி ஞாபகம் வரும்.

அந்தக் குழுவில் ஓவியரைவிட முக்கியமான ஒரு வேலை இருந்தது. அதைச் செய்தவர் மரீ ரைடமைஸ்டர், பிறகு நொய்ராத்தை மணந்து மரீ நொய்ராத் ஆனவர். நிபுணர் கொண்டுவரும் அட்டவணையை வாங்கி, இதில் பொதுமக்களுக்கு என்ன முக்கியம், எதை விடலாம், எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று முடிவு பண்ணி, கரட்டுப் படம் போட்டு ஓவியரிடம் கொடுப்பது. 'உருமாற்றுபவர்' என்றே அந்த வேலைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நிபுணரின் ஆளும் இல்லை, ஓவியரின் ஆளும் இல்லை, பார்க்க வருகிறவரின் ஆள்.

தல்லாகுளத்தில் அந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பிதான்.

கண்மாய்களை ஆராயும் மாணவி ஒருவரோடு அந்தக் கடைக்குப் போயிருந்தேன். பென்டிரைவில் நாலு பக்க வேர்டு கோப்பு, ஏழு வரைபடம், மூணு அட்டவணை. தம்பி அப்போது ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு மாமன்மார் முகங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். கோப்பைத் திறந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, இதுல ஹீரோ யாரு?"

மாணவிக்குச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "இல்லக்கா, ஏழு படம் குடுத்திருக்கீங்க. எல்லாத்தையும் ஒரே சைஸ்ல போட்டா எவனும் நிக்க மாட்டான். எது பெருசு, அதச் சொல்லுங்க. மத்தத சுத்தி வச்சிக்கிறேன்."

நெறியாளர் குழு மூன்று வருஷமாகக் கேட்காத கேள்வி. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் யோசித்தார். ஏழில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கண்மாயில் தண்ணீர் ஏறுவதும் சுற்றியுள்ள கிணறுகளில் ஏறுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் இரண்டு கோடுகள். மற்ற ஆறில் நான்கு அதற்கு ஆதாரம்தான், இரண்டு தேவையே இல்லை என்று அவரே சொன்னார். தலைப்பும் அங்கேயே மாறியது. 'நீரியல் பண்புகள் — ஓர் ஆய்வு' என்று இருந்ததை எடுத்துவிட்டு, கண்டதை ஒரே வாக்கியமாக, வினைச்சொல்லோடு எழுதினார். அந்த வாக்கியத்தை நான் இங்கே எழுதவில்லை. ஆய்வு இன்னும் வெளிவரவில்லை, முதலில் சொல்லும் உரிமை அவருடையது.

மற்ற விஷயங்கள் சீக்கிரம் முடிந்தன. ஏ-ஜீரோ தாள் என்றால் 841-க்கு 1189 மில்லிமீட்டர். தலைப்பு நாலைந்து மீட்டரிலிருந்து தெரிய வேண்டும், எனவே 85 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. உள் எழுத்து 24-க்குக் கீழே போனால் தாத்தாக்கள் கண்ணாடியை மாற்ற வேண்டிவரும். சோதிக்க எளிய வழி, அதே கோப்பை ஏ-ஃபோரில் ஒரு பிரதி எடுப்பது. நீளமும் அகலமும் சரியாகக் கால்பங்கு ஆகும், 24 பாயின்ட் 6 ஆகிவிடும். அதைக் கையில் பிடித்துப் படிக்க முடிந்தால் சுவரிலும் படிக்கலாம். பளபளப்புத் தாள் வேண்டாம், மண்டபத்து டியூப்லைட் முழுக்க அதில்தான் தெரியும். பின்னணியில் மங்கலாகக் கண்மாய்ப் படம் போட வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டார், அதை மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

2019-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் மைக் மோரிசன் ஒரு கேலிச்சித்திர வீடியோவில் கிட்டத்தட்ட இந்தத் தம்பி சொன்னதையே சொன்னார். நடுவில் பெரிய எழுத்தில் ஒரே கண்டுபிடிப்பு, பேச்சுவழக்கில். ஓரங்களில் விவரம். ஒரு கியூஆர் கோடு, கட்டுரை வேண்டுமென்றால் போனில் எடுத்துக்கொள்ளலாம். வீடியோ பரவி, பல மாநாடுகளில் அந்த அச்சிலேயே சுவரொட்டிகள் வரத் தொடங்கின. எனக்கு அதில் பாதி உடன்பாடு. எழுத்துக் காட்டை வெட்டிச் சாய்த்தது நல்ல காரியம். ஆனால் நடுவில் எழுத்து மட்டும் என்றால் வரைபடம் ஓரத்துக்குப் போய்விடுகிறது, முடிவு சத்தமாகவும் ஆதாரம் கிசுகிசுப்பாகவும் ஆகிவிடுகிறது. "நாங்கள் பார்த்த இடங்களில் மட்டும்", "மழை பொய்த்த வருஷம் நீங்கலாக" என்கிற வால்களை 150 பாயின்ட்டில் யாரும் போடுவதில்லை. கண்மாய் ஆய்வில் அந்த வால்தான் உயிர்.

மாநாட்டில் அந்தச் சுவரொட்டி எப்படிப் போனது? சுமாராக நன்றாகவே. பக்கத்தில் அவர் நின்றபோது ஆட்கள் நின்றார்கள். டீ குடிக்கப் போன நேரத்திலும் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அது அபூர்வம்.

ஆனால் கடையில் தம்பி கேட்ட இன்னொரு கேள்வி அவரை விடவில்லை. "அக்கா, கண்மாய் நம்ம ஊரு, கிணறு நம்ம ஊரு. போஸ்டர் ஏன் இங்கிலீஷ்ல?" மாநாட்டு விதி அப்படி. அதனால் மாநாடு முடிந்தபின் தமிழில் தனியாக ஒன்று செய்தார். பிளெக்ஸில் இல்லை, காகிதத்தில், ஒட்டுவதற்கு.

தமிழில் செய்வதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். நம் எழுத்து அகலம் அதிகம், சொல்லும் நீளம். அதே செய்திக்கு அதிக இடம் பிடிக்கும் என்பதால் ஆங்கிலப் பிரதியின் பெட்டிகளுக்குள் தமிழைத் திணித்தால் எழுத்து சிறுத்துவிடும். 'கீ' மேலே சுழிக்கும், 'கூ' கீழே இறங்கும், எனவே வரிகளுக்கு நடுவே தாராளமாக விட வேண்டும். போனில் யூனிகோடில் அடித்ததைக் கடைக்காரரின் பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். எழுத்துருவை மாற்றி எடுத்த பிறகு, அச்சுக்குப் போகிற கடைசிக் கோப்பிலேயே ஒருமுறை முழுக்கப் படித்துவிட வேண்டும். கலைச்சொல் பிரச்சினை மட்டும் பாதிக்கு மேல் தானாகத் தீர்ந்தது. வரத்துக்கால், கலுங்கு, மடை, ஆயக்கட்டு என்று ஊரில் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. ஆங்கிலப் பிரதியில்தான் அவற்றுக்கு அடிக்குறிப்பு தேவைப்பட்டது.

ஆய்வு நடந்த கிராமத்தில் ரேஷன் கடைச் சுவரில் கேட்டுக்கொண்டு ஒட்டினார்கள். நடுவே கண்மாயின் வரைபடம், கரை, மடைகள், கிணறுகள். கீழே அதே இரண்டு கோடுகள். யார் அளந்தது, எந்த மாதங்களில், எந்தக் கிணறுகளை அளக்கவில்லை என்பது டீக்கடை எழுத்தில் அடியில்.

மூன்று வாரம் கழித்து கிணறு அளக்கப் போனபோது ஒரு ஓரம் கிழிந்திருந்தது, ஆடு தின்ற அடையாளம். படத்தில் 'நடுமடை' என்று அச்சாகியிருந்த இடத்தை யாரோ பேனாவால் அடித்து 'கீழமடை' என்று எழுதியிருந்தார்கள். உண்மையான நடுமடை இருக்கும் இடத்துக்கு அம்புக்குறி வேறு. மாணவி கரையில் நடந்து போய்ப் பார்த்தார். பேனாக்காரர் சொன்னதுதான் சரி.